பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டப் போகிறீர்களா?

மாமல்லபுரம், தஞ்சாவூர் மாதிரி ஊர்களில் மனை வாங்கியதும் நேரே இன்ஜினியரிடம் போய் பிளான் போடச் சொல்கிறோம். அதற்கு முன்னால் டேப்பைக் கையில் எடுங்கள்.

படி 1: தூரம் பாருங்கள்

எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கோபுரத்திலிருந்து அல்ல, மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். கோயில் சுவர் உங்கள் மனையிலிருந்து 130 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். அதைச் சுற்றியுள்ள புல்வெளியும் பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்து, உங்கள் பக்கம் 40 மீட்டர் நீண்டால், கணக்கு 90 மீட்டர்தான். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் புல வரைபடத்தையும் சர்வே எண்ணையும் எடுத்துக்கொண்டு போய், தொல்லியல் துறை அலுவலகத்தில் எல்லையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 2: எந்தப் பகுதி?

எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. பழமையான நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் வந்த திருத்தப்படி இங்கே புது வீடு கிடையாது. இருக்கிற வீட்டின் மேல் மாடி எடுப்பதும் புதுக் கட்டடம்தான். 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடு என்றால், அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம். அதனால் அப்பா காலத்து வீட்டு வரி ரசீதைப் பரணில் தேடி எடுத்து வையுங்கள்.

அதற்கு அடுத்த 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. இங்கே அனுமதியோடு கட்டலாம்.

படி 3: விண்ணப்பம்

இந்தச் சட்டப்படி அனுமதி தரும் உரிய அதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர் 15 நாளில் அதை தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும். அதன்பின் 1 மாதத்தில் அதிகாரியின் முடிவு. இது சட்டம் சொல்லும் கெடு. மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

உயரத்தைக் குறிக்கும்போது மாடிப்படி அறை, கைப்பிடிச்சுவர், மேலே வைக்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். தளம் வரைக்கும் மட்டும் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் தொட்டியை ஏற்றினால் வம்பு.

படி 4: உள்ளூர் அனுமதி

அந்த அதிகாரியின் அனுமதி, அதாவது தடையில்லாச் சான்று, கையில் வந்துவிட்டது, சரி. உள்ளாட்சியின் கட்டட அனுமதி அதில் அடங்காது. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

அனுமதியில்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பக்கத்து வீட்டுக்காரர் கட்டிவிட்டாரே என்ற வாதம் அங்கே எடுபடாது.