‘டியரஸ்ட் எனிமி’யை மேடையேற்றும் முறை

1925-இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘டியரஸ்ட் எனிமி’ இசை நாடகத்தை மேடையேற்ற விரும்புவோர், ரிச்சர்ட் ராஜர்ஸின் மெட்டுகளைப் பயிலுமுன், அதன் களமான, அமெரிக்க விடுதலைப் போரின் 1776 செப்டம்பரை நடிகர்களுக்கு விளக்கிவிட வேண்டும். அமெரிக்கத் தளபதி புட்னமின் படை தப்பிச் செல்லும்வரை, திருமதி மர்ரி பிரிட்டிஷ் ஜெனரல் ஹோவைத் தம் வீட்டு விருந்தில் தாமதிக்கச் செய்தார் என்னும் வழக்குக் கதையே நாடகத்தின் அச்சாணி. ஆகவே விருந்துக் காட்சியில் உபசாரம் மெய்யானதாகவே தோன்ற வேண்டும். கண்சாடை மிகுந்தால் ஹோ வெறும் ஏமாளியாகிவிடுவார், ஆபத்தும் மறைந்துவிடும். அமெரிக்கர் பக்கத்து நாயகி பெட்சியும் அவள் காதலிக்கும் பிரிட்டிஷ் கேப்டன் கோப்லண்டும் ‘ஹியர் இன் மை ஆர்ம்ஸ்’ பாடும்போது, தழுவ அவசரப்படாமல், கடைசி அடிவரை ஓர் எட்டு விலகி நிற்கட்டும். அவருடைய சிவப்புச் சீருடை கண்ணில் படுந்தோறும் அவள் குரல் சற்றே தயங்க வேண்டும். பாடலாசிரியர் லோரன்ஸ் ஹார்ட்டின் எதுகைகள் கடைசி வரிசைவரை கேட்கும்படி, வாத்தியக்குழு தணிந்தே வாசிக்கட்டும்.