பழைய டிஜிட்டல் கேமராவா? முதலில் கார்டைக் கவனியுங்கள்

ஊரில் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த சிறிய டிஜிட்டல் கேமராவைப் பெங்களூருக்கு எடுத்து வந்திருக்கிறீர்களா? சார்ஜர் தேடும் முன் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.

அடுத்தது மெமரி கார்டு. 2006-க்கு முன்பு வந்த, எஸ்டி வகை கார்டு போடும் கேமராக்களில் பெரும்பாலானவை 2 ஜிபி வரையுள்ள சாதாரண எஸ்டி கார்டை மட்டுமே ஏற்கும். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 32 ஜிபி கார்டு, அதற்குப் பின் வந்த, அதிகக் கொள்ளளவுள்ள எஸ்டிஎச்சி வகை. அதைச் செருகினால் திரையில் பிழைச் செய்திதான் வரும். கேமரா போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாவம் அதன்மேல் தவறில்லை. மின்னணுப் பொருட்கள் விற்கும் எஸ்.பி. ரோடு கடைகளில் 2 ஜிபி கார்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்ததும், கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் திறனின் அளவை, ஆட்டோவில் விடாமல் 100-இல் வையுங்கள். 400-ஐத் தொட்டாலே இந்தச் சிறிய சென்சார்கள் படமெங்கும் புள்ளி தெளித்துவிடும். அல்சூர் சோமேசுவரர் கோயில் கோபுரத்தைக் காலை வெயிலில் எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) −0.7 அளவுக்குக் குறையுங்கள்; இல்லாவிட்டால் வானம் வெள்ளைத் தாளாகிவிடும். கே.ஆர். மார்க்கெட்டின் உள்ளே, வெளிச்சம் குறைந்த இடத்தில், ஃபிளாஷைத் தயங்காமல் போடலாம். குவித்த செவ்வந்தி அதில் பளிச்சென்று வரும். பின்னணி இருண்டாலும் எனக்கு அந்த முரட்டு அழகு பிடிக்கும். பூக்காரம்மாவிடம் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேமராவில் தேதியையும் சரிசெய்துவிடுங்கள்.