மூன்று வார லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

ஐந்தாறு வருஷம் கழித்து மூன்று வார லீவில் ஊருக்குப் போகப்போகிறீர்கள் என்றால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, அந்த 21 நாளில் உண்மையில் உங்கள் கைக்கு வருவது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். போகவர இரண்டு மூன்று நாள் விமானத்திலேயே போய்விடும். தூக்கம் ஒழுங்குக்கு வர நான்கைந்து நாள். கடைசி இரண்டு நாள் பெட்டி கட்டுவதிலும், கட்டிய பெட்டியைப் பிரித்து எடை குறைப்பதிலும் போகும். மிச்சம் ஏறக்குறைய 12. இந்தப் பன்னிரண்டு நாளில் எல்லாரையும் பார்த்துவிடலாம் என்றுதான் முதல் தடவை காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றினேன். பார்த்தும் விட்டேன். யாரிடம் என்ன பேசினேன் என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது, ஒவ்வொரு வீட்டிலும் உட்காரும்போதே கடிகாரத்தைப் பார்த்தது மட்டும்தான் ஞாபகம். திரும்பி வந்து போன் பண்ணியபோது அம்மா, "நீ வந்துட்டுப் போனது எல்லாருக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரியலை" என்றார். அடுத்த தடவை முறையை மாற்றினேன்.

மாற்றியது இவ்வளவுதான்: கையில் இருக்கும் நாட்களில் பாதியைக் காலியாக விட்டுவிடுங்கள். எந்தத் திட்டமும் வேண்டாம், யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அந்த நாட்களில் வீட்டில் சும்மா கிடங்கள். நாம் வீட்டில் சும்மா இருப்பதைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது வீட்டில் இருப்பவர்களுக்கு.

மீதிப் பாதிக்கு ஆட்களைப் பிரிக்க வேண்டும். பார்க்காமல் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்பவர்கள் ஒரு பக்கம், பார்க்காவிட்டால் அவர்களுக்கு மனத்தாங்கல் வரும் என்பவர்கள் இன்னொரு பக்கம். எழுதிப் பார்த்தால் முதல் பக்கத்தில் ஆறேழு பேருக்கு மேல் வராது, அவர்களுக்கு ஆளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். இரண்டாவது பக்கம்தான் நீண்டுகொண்டே போகும். அவர்களை வீடுவீடாகத் தேடிப் போவதற்குப் பதிலாக, "இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பேன், எல்லாரும் வாங்க" என்று ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம். வருகிறவர்கள் ஒருவரையொருவரும் பார்த்துக்கொள்வார்கள், அதில் பாதிப் பேர் ஒரே ஊரில் இருந்துகொண்டே சந்திக்காதவர்களாக இருப்பார்கள். நடமாட முடியாத பெரியவர்களை மட்டும் நாமே போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே. கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிய பெரியப்பாவை நான் பார்க்காமலேயே திரும்பினேன். அடுத்த பயணத்தின்போது அவர் இல்லை.

நாம் இல்லாத சமயத்தில் சாவு விழுந்த வீடு ஏதாவது இருக்கும். போனில் துக்கம் விசாரித்துவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள், நேரில் போங்கள், அதற்கு அரை நாள் முழுதாக ஆகட்டும். என்ன பேசுவது என்று யோசிக்கவே தேவையில்லை, அவர்கள்தான் பேசுவார்கள். நமக்குத் தகவலாக வந்த சாவு, அவர்களுக்குக் கடைசி ஒரு வாரத்தின் ஒவ்வொரு மணி நேரமாக இருக்கும், அதை முதலிலிருந்து சொல்ல ஒரு புது ஆள் வேண்டும்.

வந்து இறங்கும் தேதியை எல்லாருக்கும் சொல்ல வேண்டாம் என்பது இன்னொன்று. விமான நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். இரண்டு நாள் கழித்து "வந்திருக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்ளலாம். பொய் சொல்லச் சொல்லவில்லை, கொஞ்சம் தாமதமாக உண்மையைச் சொல்லச் சொல்கிறேன்.

சரி, காகித வேலைக்கு வருவோம், இதை இரண்டு மாதத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். பெரியவர்கள் தங்களுடையதைப் பார்த்துவிட்டுக் குழந்தையுடையதை மறந்துவிடுவார்கள், பல நாடுகளில் சிறுவர் பாஸ்போர்ட் 5 வருஷத்துக்குத்தான். டிக்கெட்டில் இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டு குடியுரிமை வைத்திருப்பவர்கள் எந்தப் பாஸ்போர்ட்டில் நுழைய வேண்டும், எதில் வெளியேற வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், தன் குடிமக்கள் தன் பாஸ்போர்ட்டில்தான் வர வேண்டும் என்று சொல்லும் நாடுகள் உண்டு. போகும் விசாவை மட்டும் பார்க்காதீர்கள், திரும்பி வருவதற்கான அனுமதியின் தேதியையும் பாருங்கள். அப்பா அம்மாவில் ஒருவர் மட்டும் குழந்தையோடு பயணம் செய்தால் மற்றவரின் சம்மதக் கடிதம் ஒன்று பையில் இருப்பது நல்லது. அப்புறம் போன் நம்பர். வங்கியின் ஓ.டி.பி. எந்த நம்பருக்கு வருகிறதோ அந்த சிம்மில் ரோமிங் வேலை செய்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள், போய் இறங்கி வண்டிக்குப் பணம் கட்டும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை அது.

உடம்பு விஷயத்தில் நாம் காட்டும் அலட்சியத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். பயண மருத்துவத்தில் சுற்றுலாப் பயணிகளையும், நண்பர்கள் உறவினர்களைப் பார்க்கப் போகிறவர்களையும் தனித்தனிப் பிரிவாக வைத்துத்தான் பார்க்கிறார்கள், இரண்டாவது கூட்டத்துக்கு வி.எஃப்.ஆர். என்று பெயர். காரணம் நாம்தான். சுற்றுலா போகிறவர் தடுப்பூசி போட்டுக்கொண்டு, கொசு மருந்து பூசிக்கொண்டு போவார். நாம் "பிறந்து வளர்ந்த ஊர்தானே, எனக்கு என்ன ஆகிவிடும்" என்று போவோம். மலேரியா இருக்கும் பகுதியில் வளர்ந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வந்ததால் உண்டான எதிர்ப்பு சக்தி, வெளியே போய்ச் சில வருஷம் ஆனால் குறைந்துவிடும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது தொடக்கத்திலிருந்தே கிடையாது. கிளம்புவதற்கு 4 முதல் 6 வாரத்துக்கு முன்னால் டாக்டரைப் பார்த்து, போகும் இடத்தின் பெயரைச் சொல்லி என்னென்ன தேவை என்று கேளுங்கள். சில தடுப்பூசிகளை இரண்டு மூன்று தவணையாகப் போட வேண்டியிருக்கும், முந்தின நாள் ஓடிப் பிரயோஜனமில்லை. தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருந்துச் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடும், அதனால் நடுநடுவே எழுந்து நடங்கள். நடுச்சீட்டில் மாட்டிக்கொண்டாலும் பக்கத்தில் இருப்பவரை எழுப்பத் தயங்காதீர்கள்.

பெட்டியைப் பற்றி ஒரே ஒரு தீர்மானம் போதும்: பரிசு ஆளுக்கு ஒன்று இல்லை, வீட்டுக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்று என்று ஆரம்பித்தால் எப்படியும் ஒரு பெயர் விட்டுப்போகும், அந்த ஒரு பெயர்தான் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்காட்டும். பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான். பேட்டரிக்குள் அடங்கும் மின்சக்தியை வாட்-ஹவரில் சொல்வார்கள், வழக்கமான வரம்பு 100 வாட்-ஹவர், 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருப்பது சுமார் 74 வாட்-ஹவர்தான் வரும், கவலை இல்லை. பெட்டி வந்து சேரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேச விமானப் பயணத்தில் விமான நிறுவனம் தர வேண்டிய இழப்பீட்டைப் பற்றிய 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் பயணமாக இருந்தால், பெட்டி உடைந்து வந்ததற்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்டாக வேண்டும். ஒரு தடவை என் பெட்டி கைப்பிடி போய்ச் சக்கரம் போய் வந்து சேர்ந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து, பத்தாவது நாள் எழுதினேன். பதில் என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஜெட் லாக்கை எதிரியாகப் பார்க்க வேண்டாம். குத்துமதிப்பாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் பிடிக்கும். மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கஷ்டம், ஏனென்றால் நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது, நாளை நீட்டிக்கொள்ள அதற்கு லேசு, சுருக்கத்தான் வராது. போன இடத்து நேரப்படி சாப்பிட்டு, பகலில் வெளிச்சத்தில் இருந்தால் சீக்கிரம் சரியாகும். ஆனால் அந்த நடுராத்திரி விழிப்பை வீணாக்காதீர்கள். ஒரு தடவை மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், இருட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். "உனக்கும் தூக்கம் வரலையா?" என்றார். எனக்கு ஜெட் லாக், அவருக்கு வயசு. லைட் போடாமல் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம், அவர் முதல் வேலையை ஏன் விட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு நாள் இப்படி ஓடியது. தூக்கம் சரியானபோது எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது.

பேச்சில் ஒரு வார்த்தையை அடியோடு நிறுத்த வேண்டும்: "அங்கெல்லாம்". "அங்கெல்லாம் இப்படி இல்லை", "அங்கெல்லாம் க்யூவில் நிற்பார்கள்". நமக்கே தெரியாமல் வரும். என் அண்ணன் மகளிடம் ஒவ்வொரு தடவைக்கும் அபராதம் வாங்கிக்கொள்ளச் சொன்னேன், முதல் இரண்டு நாளில் அவள் நன்றாகவே சம்பாதித்தாள். பணம் பற்றிய கேள்விகளுக்கும் தயாராக இருங்கள். யாராவது கடன் கேட்பார்கள், எவ்வளவு வரை கொடுப்பது, எதற்கு மேல் முடியாது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கணவன் மனைவி பேசி முடித்துக்கொள்ளுங்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்பது பாதி வாக்கு, கேட்டவர் அதை முழுதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

பழைய நண்பர்களோடு உட்கார்ந்து பழைய கதை பேசினால் ஒரு மணி நேரம் ஓடும், அப்புறம் இரண்டு பேரும் போனை எடுத்துவிடுவீர்கள். அதைவிட அவருடைய வேலையோடு சேர்ந்து போங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகிறாரா, வண்டியைச் சர்வீஸுக்கு விடப் போகிறாரா, கூடவே ஏறிக்கொள்ளுங்கள். இப்போதைய அவரைத் தெரிந்துகொள்ள அதுதான் வழி.

பெற்றோருக்காக ஒரு நாளை வேலை நாளாக ஒதுக்குங்கள், ஆனால் அது முதல் நாளாக வேண்டாம். மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்: காலாவதி ஆனது, ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருப்பது, நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதது எல்லாம் கிடைக்கும். நீங்களாகத் தூக்கிப் போடாமல் பட்டியல் எடுத்து அவர்களுடைய டாக்டரிடம் காட்டுங்கள். வங்கிக் கணக்குகளுக்கு யார் வாரிசு என்று எழுதியிருக்கிறது, வீட்டுப் பத்திரம் எங்கே, வருஷக்கணக்கில் தொடாத கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய போட்டோக்களைப் போனில் எடுத்துக்கொண்டு, இருப்பவர்களின் பெயரை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீட்டுச் சாமான்களை மட்டும் ஒழுங்குபடுத்தாதீர்கள். நான் ஒரு பழைய ஸ்டூலை ஒழித்துக்கட்டினேன், அதைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழுந்து நிற்பார் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஒரு காலை நேரம் தனியாக நடந்து பாருங்கள். ஊரை நினைத்து ஏங்குவதை 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஒரு நோயாகவே எழுதி, வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி 'நோஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். ஊருக்குத் திரும்பினால் குணமாகிவிடும் என்றுதான் அவரும் நினைத்தார். நான் வளர்ந்த வாடகை வீடு இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. எங்கள் அறை எதுவரை இருந்தது என்று காலால் அளந்துகொண்டிருந்தேன், காவலுக்கு இருந்தவர் வந்து "என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டு, அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். இல்லை என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கடைசி நாளில் யாரையும் சேர்க்காதீர்கள். திரும்பி வந்த பிறகு வேலைக்குப் போகுமுன் ஒரு நாளாவது இடைவெளி வையுங்கள், ஏனென்றால் இங்கே வந்ததும் சில நாள் இரண்டு இடமும் அந்நியமாகத் தெரியும், அது இயல்பு. அந்த ஒரு நாளில் யார் யாருக்கு என்ன அனுப்புவதாகச் சொன்னோம் என்று எழுதி, போட்டோக்களை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அந்த வாரம் போனால் அப்புறம் அனுப்பவே மாட்டோம். அத்தைக்கு நான் இன்னும் அனுப்பவில்லை.