ஆக்சிஜன் குமிழைத் திருகுவதற்கு முன்

சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடுதான் ஆக்சிஜன். அதை எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் ஆக்சிஜன் மிகையாகிவிடாது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, விரல் நுனி மரத்து, தலை சுற்றும். மூச்சு நிதானமானதும் அது தணிந்துவிடும்.

வீட்டில் நோயாளிக்கு வைக்கும் கான்சென்ட்ரேட்டரிலிருந்தோ (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) சிலிண்டரிலிருந்தோ வரும் ஆக்சிஜன் அப்படியன்று. அது அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. குறிப்பாக, சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு அது மிகுந்தால், காற்று சரியாகப் போய்வராத நுரையீரல் பகுதிகளுக்கும் இரத்தம் திரும்பி, கரியமில வாயு வெளியேறாமல் உடலில் தேங்கத் தொடங்கும். ஆகவே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம், உறங்கும்போது எவ்வளவு, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் எந்த எண் இருக்க வேண்டும் என்பனவற்றை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கருவியின் மேலேயே ஒட்டிவையுங்கள். இத்தகைய நோயாளிகளுக்கு வழக்கமான இலக்கு 88 முதல் 92 விழுக்காடு வரை. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கையில் 98 காட்டினால் வீட்டார் மகிழ்வது இயல்புதான். ஆனால் இவரைப் பொறுத்தவரை அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும் அளவுமானியை நின்றபடி மேலிருந்து பார்த்தால் தவறாகத் தெரியும். கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்தி, உள்ளே மிதக்கும் சிறு குண்டின் நடுப்பகுதி கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆக்சிமீட்டர் மாட்டும் விரலில் நகப்பூச்சு இருக்கக் கூடாது. கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைபெறும்வரை பொறுத்திருங்கள். எண் குறைந்திருந்தால் உடனே குமிழைத் திருகி ஆக்சிஜனைக் கூட்டாமல், குழாய் கட்டில் காலில் சிக்கி மடங்கியிருக்கிறதா, மூக்கிலிருந்து நழுவியிருக்கிறதா, வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறாவிட்டால் மருத்துவரை அழையுங்கள். உதடு நீலம் பாரித்தாலோ பேச முடியாமல் திணறினாலோ, தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

காலையில் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், கை நடுக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவை கரியமில வாயு தேங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். ஆக்சிமீட்டர் அந்த வாயுவை அளப்பதில்லை என்பதால், எண் நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. அப்போது ஆக்சிஜனை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து. எழுதிக் கொடுத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

நெருப்பையும் மறக்க வேண்டாம். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பற்றிய தீயை மூர்க்கமாக்கும். பூசை விளக்கு, சாம்பிராணி, அடுப்பு, பீடி எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். காய்ந்த உதட்டுக்கு வாசலின் தடவாமல், தண்ணீர் கலந்த களிம்பு எது என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். குழாயைக் கழற்றி மெத்தைமேல் போடும்போதெல்லாம் கருவியை அணைத்துவிடுங்கள். இல்லையேல் போர்வைக்குள் ஆக்சிஜன் தேங்கி நிற்கும்.