300 பிராங்கா, 2500 பிராங்கா? சுவிஸுக்குப் புதிதாக வந்தவர்கள் புள்ளடி போடும் முன்

சுவிஸில் வந்து இறங்கியதும் வதிவிடப் பதிவு, வீடு, மொழி வகுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள். அந்த அவசரத்துக்குள் கிராங்கன்காஸ, அதாவது கட்டாய மருத்துவக் காப்புறுதியின் படிவமும் கைக்கு வந்துவிடும். அதில் பிரான்ஷீஸ், அதாவது வருடத்தின் வைத்தியச் செலவில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை, என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 300, 500, 1000, 1500, 2000, 2500 என்று ஆறு தொகைகள் இருக்கும். ஒன்றுக்குப் புள்ளடி போட வேண்டும். பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதுகிற வேகத்திலேயே இதையும் போட்டுவிடாதீர்கள்.

நாங்கள் வந்த முதல் வருடம், வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பித் தந்தவர் 2500க்குப் புள்ளடி போட்டார். "மாதக் காசு குறையும், இளம் ஆக்கள், உங்களுக்கு என்ன வருத்தம் வரப்போகுது?" என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. டிசம்பர் முதல் கிழமை என் கணவருக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். காப்புறுதியின் கடிதம் ஜனவரியில் வந்தது. முதல் வரியில் பிரான்ஷீஸ் 2500. அடுத்த வரியில் செல்ப்ஸ்ட்பெஹால்ட் என்று முந்நூறுக்குக் கிட்ட. அதற்கும் கீழே ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களுக்கு, நாளுக்கு 15 பிராங்படி. கடைசியில் காசு கட்டும் துண்டு. மாதாமாதம் தவறாமல் கட்டி வந்தவர்களுக்கு இது எதற்கு என்று இரண்டு பேரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நின்று, மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். காசு கொடுக்கிற பேச்சே இல்லை. அப்படி வளர்ந்த நமக்கு, காப்புறுதிக்கும் கட்டி வைத்தியருக்கும் கட்டுவது அநியாயமாகத் தெரியும். இங்குள்ள ஒழுங்கு வேறு. ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 முதல் உங்கள் வைத்தியச் செலவில் பிரான்ஷீஸ் தொகை வரைக்கும் முழுதும் நீங்கள் கட்ட வேண்டும். அதைத் தாண்டிய செலவில் பத்து வீதம் உங்களுடையது. இதற்குத்தான் செல்ப்ஸ்ட்பெஹால்ட் என்று பெயர். பெரியவர்களுக்கு அது வருடத்துக்கு 700 பிராங்கோடு நின்றுவிடும். ஆக, எவ்வளவு மோசமான வருடமானாலும் 300 எடுத்தவர் 1000 பிராங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை, 2500 எடுத்தவர் 3200க்கு மேல் கட்ட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியின் நாள் கணக்கு மட்டும் இதற்கு வெளியே.

அப்போ ஏன் எல்லோரும் 300 எடுப்பதில்லை? பிரான்ஷீஸ் கூடக்கூட மாதக் கட்டணம் குறையும். ஆனால் எவ்வளவு குறைக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு எல்லை உண்டு: நீங்கள் கூடுதலாகத் தலையில் ஏற்றுக்கொள்ளும் தொகையில் 70 வீதத்துக்கு மேல் கழிவு தர முடியாது. 300க்கும் 2500க்கும் இடையில் 2200. அதில் 70 வீதம் 1540. மாதத்துக்கு ஏறக்குறைய 128 பிராங். சுகமான வருடத்தில் உங்களுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

ஒரு கொப்பியை எடுத்து இரண்டையும் எழுதிப் பாருங்கள். வருடச் செலவு ஏறத்தாழ 2000 பிராங்குக்குக் கீழே நின்றால் 2500தான் லாபம். அதைத் தாண்டினால் 300 லாபம். உங்களுக்குக் கிடைக்கும் கழிவு 1540ஐ விடக் குறைவாக இருந்தால் அந்தக் கோடு இன்னும் கீழே இறங்கும். நடுவில் உள்ள நான்கு தொகைகளும் பத்திரமானவை போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அவை முந்துவது அபூர்வம்.

ஆனால் புதிதாக வந்தவருக்கு இந்தக் கணக்கை விட முக்கியமான ஒன்று இருக்கிறது: கையில் 3200 பிராங் சும்மா கிடக்கிறதா? பயணக் கடன், வீட்டு முற்பணம், ஊருக்கு அனுப்பும் காசு என்று முதல் ஒன்றிரண்டு வருடம் எல்லோருக்கும் இழுபறிதான். அந்தக் காசு இல்லையென்றால் 300ஐ எடுங்கள். சீனி வருத்தம், பிரஷர் என்று தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், அவர்களுக்கும் 300தான். தனி ஆளாக, சேமிப்போடு, வருடத்தில் ஒருமுறை வைத்தியரிடம் போகிறவர் 2500 எடுக்கலாம்; மிஞ்சுகிற 128ஐ வேறொரு கணக்கில் போட்டு வைத்தால் நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2500 எடுத்தவர்கள் வைத்தியரிடம் போவதையே தள்ளிப்போடுகிறார்கள். "இப்ப போனா முழுக்காசும் நாங்கள்தான்" என்று வலியை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் சுபாவம் அப்படியென்றால், கழிவை விட்டுவிட்டு 300ஓடு நிம்மதியாக இருங்கள்.

பிள்ளைகளுக்கு 18 வயது வரை பிரான்ஷீஸ் இல்லை. பத்து வீதம் மட்டும், அதுவும் வருடத்துக்கு 350 வரை. அவர்களுக்கு பிரான்ஷீஸ் போட்டுக் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் பிரான்ஷீஸும் பத்து வீதமும் கிடையாது. 13ஆவது கிழமை தொடங்கி, பிள்ளை பிறந்து எட்டுக் கிழமை வரை தாய்க்கு வரும் மற்ற நோய்களுக்கும் அப்படியே. அதற்கு முன்பு வரும் சிக்கல்களுக்குச் செலவைப் பங்கிட வேண்டும்.

பல் வைத்தியம், பெரியவர்களின் கண்ணாடி போன்றவை அடிப்படைக் காப்புறுதிக்குள் பொதுவாக வருவதில்லை. அதனால் அவற்றுக்குக் கொடுத்த காசு பிரான்ஷீஸிலும் கழியாது. ஒரே மூலப்பொருளில் மலிவான மருந்து இருக்கும்போது விலை கூடியதையே கேட்டு வாங்கினால், பத்து வீதத்துக்குப் பதில் 40 வீதம் உங்கள் பங்காகலாம். ஃபார்மசியில் ஜெனெரிக் இருக்கிறதா என்று கேளுங்கள். வைத்தியரின் பில் பெரும்பாலும் வீட்டுக்குத்தான் வரும். பிரான்ஷீஸுக்குள் அடங்கும் சின்னத் தொகையானாலும் அதைக் காப்புறுதிக்கு அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் கணக்கில் ஏறாது.

ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்தால், விபத்துக் காப்புறுதி வேலையிடத்திலேயே இருக்கும். கிராங்கன்காஸவில் அதை நீக்கச் சொன்னால் கட்டணம் கொஞ்சம் குறையும். காப்புறுதி எடுக்க மூன்று மாத அவகாசம் உண்டு. ஆனால் தாமதித்து லாபம் இல்லை, வந்த நாளிலிருந்தே கட்டணம் கணக்கிடுவார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலம் கட்டணத்தில் உதவும். சில இடங்களில் அது தானாக வராது, நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படைக் காப்புறுதியின் பயன்கள் ஒன்றே, அவர்கள் உங்களை மறுக்கவும் முடியாது. வித்தியாசம் விலையில்தான். அரசாங்கத்தின் பிரிமின்ஃபோ தளத்தில் வயதையும் தபால் இலக்கத்தையும் கொடுத்து நீங்களே பார்க்கலாம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கல் வந்தது டிசம்பரில். பிரான்ஷீஸைக் குறைக்கும் கடிதம் நவம்பர் 30க்குள் காப்புறுதியின் கையில் கிடைத்திருக்க வேண்டும். அந்தத் தேதி ஏற்கெனவே கடந்துவிட்டதால் ஜனவரி 1இல் பழைய 2500 மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியது. ஸ்கேன், மருந்து, வைத்தியரிடம் போய் வந்தது எல்லாம் முழுக்க எங்கள் காசு. அடுத்த வருடத்துக்கான கட்டணம் ஒக்டோபர் முடிவதற்குள் கடிதமாக வரும். அதைப் பிரித்துப் பாருங்கள். மாற்ற விரும்பினால், ஜனவரி 1 முதல் என் பிரான்ஷீஸை 300 ஆக்கவும் என்று ஒரு வரி, பெயர், காப்புறுதி இலக்கம், கையெழுத்து. நவம்பர் நடுப்பகுதிக்குள் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.