மறுவாழ்வு மையத்தில் புகைக்குத் தடை: எங்கே சறுக்குகிறார்கள்?

"பாவம், குடியை விட்டுட்டு உட்கார்ந்திருக்கான். பீடியாவது இருந்துட்டுப் போகட்டுமே." முதல் தவறு இந்த இரக்கம்தான். அமெரிக்காவின் மினசோட்டாவில் போதைச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1996இல் வெளிவந்தது. அவர்களில் 222 பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய பாதிச் சாவுகளுக்குக் காரணம் புகையிலை. மதுவின் கணக்கில் விழுந்தது மூன்றில் ஒரு பங்குதான்.

"ரெண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் மறுபடி குடிக்கப் போய்விடுவான்" என்பது அடுத்த பயம். 2004இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் நேர்மாறாக இருந்தது. சிகிச்சையின்போதே புகையை விடவும் உதவி பெற்றவர்கள், நெடுநாள் போதையைத் தொடாமல் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது.

சரி, தடை போடுகிறோம். போர்டு மாட்டினால் ஆயிற்றா? நியூயார்க் மாநிலம் 2008 ஜூலையில் தன் சிகிச்சை மையங்களில் தடை கொண்டுவந்தபோது ஊழியர், பார்வையாளர், வளாகம், வண்டி எல்லாவற்றையும் அதற்குள் அடக்கியது. கவுன்சிலரே பின்சுவர் ஓரம் இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் அவர் சொல்வதை யார் கேட்பார்கள்? 'புகை' என்று மட்டும் எழுதிவைத்தால் பீடிக்காரர் ஹான்ஸ் மாதிரி வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறிவிடுவார். ஆக, தடை புகையிலைக்கு என்று இருக்க வேண்டும். ஒழுங்காக இருந்தால் சாயங்காலம் ஒரு பீடி என்று பரிசு கொடுப்பது இன்னும் மோசம்.

பீடியைப் பிடுங்கிவிட்டு மாற்று எதுவும் தராமல் இருப்பதும் தவறுதான். எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவருக்கு 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் காணாது, 4 வேண்டும். அதையும் பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று மாத்திரை. புகையில் உள்ள தார், சில மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடச் செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறையும். குளோசபின், ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகளின் அளவு ரத்தத்தில் ஏறும். ஆள் தூங்கி வழிவார், 'அடங்கிவிட்டார்' என்று நாம் நினைத்துக்கொள்வோம். இது நிகோடினால் வருவதல்ல, அதனால் தோலில் நிகோடின் பேட்ச் ஒட்டினாலும் இதே கதைதான். மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். காபிக்கும் இதே கணக்கு: பழைய நான்கு டம்ளர் இப்போது படபடப்பாக, தூக்கமின்மையாகத் தெரியும். அதைப் போதை இறங்கும் தொல்லை என்று நினைத்து இன்னொரு மாத்திரை எழுதுவார்கள்.

கடைசியாக, பீடியோடு பிடிபட்டவரை அன்றே வீட்டுக்கு அனுப்புவது. குடித்துவிட்ட ஒருவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் மையம்கூட இதில் கறாராக இருக்கும். ஹெராயின் பழக்கத்தில் இருந்தவர் என்றால் ஆபத்து அதிகம். சில வாரம் விட்டிருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். வெளியே போய்ப் பழைய அளவையே ஏற்றினால் மூச்சே நின்றுவிடலாம்.