இயந்திரம் சாகாது என்று யார் சொன்னது? விண்மீன் பயணக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் நூலகப் பட்டறைகளில் இளையர்கள் எழுதிவரும் தமிழ் அறிவியல் புனைகதைகளை ஆசையோடு வாசிக்கிறேன். கற்பனைக்குக் குறைவே இல்லை. ஆனால் விண்மீன் கப்பலில் மனிதரையும் இயந்திரத்தையும் மோதவிடும்போது பலர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். மனிதருக்கு மூப்பு உண்டு, இயந்திரத்துக்கு இல்லை என்று வைத்துக்கொள்கிறார்கள்.

வாயேஜர் 1 விண்கலத்தைப் பாருங்கள். 1977இல் கிளம்பியது. 2023 நவம்பரில் அது அனுப்பும் தரவு திடீரென்று யாருக்கும் புரியாமல் போனது. காரணம், நினைவகத்தில் பழுதான ஒரே ஒரு சில்லு. கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர மறுபடி அவ்வளவு. பொறியாளர்கள் அந்தச் சில்லில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து வேறு இடங்களுக்கு மாற்றி, 2024 ஏப்ரலில் கலத்தை மீண்டும் பேசவைத்தார்கள். அதன் மின்சாரமும் ஆண்டுக்காண்டு குறைகிறது. இத்தனைக்கும் நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியின் 4.24 ஒளியாண்டைக் கடக்க 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும். துவாஸ் துறைமுகத்தில் ஆளில்லா வண்டி நின்றுவிட்டால் பழுதுபார்க்க ஆள் வருவார். உங்கள் கப்பலுக்கு யார் வருவார்? உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? கதையே அங்கேதான் இருக்கிறது.

உயிர் என்றாலே மென்மையானது என்று எழுதுவதும் தவறுதான். டைனோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு வெளியே மூன்று ஆண்டு வைத்துப் பார்த்தார்கள். திரளின் மேலடுக்குச் செல்கள் செத்து, உள்ளே இருந்தவற்றுக்குக் கவசமாயின. உள்ளிருந்தவை பிழைத்தன. மனிதரை மட்டுமே உயிராக எண்ணும் எழுத்தாளர் இப்படிப்பட்ட பாத்திரங்களை இழந்துவிடுகிறார்.

பூமியோடு தொலைபேசியில் பேசுவதுபோல் உரையாடல் எழுதாதீர்கள். பிராக்சிமாவில் கேட்ட கேள்விக்குப் பதில் வர எட்டரை ஆண்டு ஆகும். முடிவெடுக்கும் பொறுப்பு கப்பலிலேயே இருந்தாக வேண்டும்.

நம் கதைகளில் இன்னொன்றும் உண்டு. கப்பலில் மனிதர் நம் ஈசூன் வட்டாரத்து வீட்டில் பேசுவதுபோல் பேச, இயந்திரம் மட்டும் மேடைத் தமிழில் பேசும். குளிர்ந்த மனம் என்று காட்ட இது சோம்பேறித்தனமான வழி. அதைவிட மோசம், காரணமே இல்லாமல் அது மனிதரை வெறுப்பது. மின்சாரம் குறைகிறது, கருவிக்குக் கொடுப்பதா, தூங்கும் பயணிகளின் அறைக்குக் கொடுப்பதா என்ற கணக்கை அதனிடம் விடுங்கள். வெறுப்பே தேவைப்படாது.

தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் கலங்களை எழுதுவோர், எல்லாப் படிகளும் அச்சு அசலாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். படியெடுக்கும்போது பிழை நுழையும். சில பிழைகள் பெருகுவதற்கு உதவும், அவையே நிலைக்கும். நூறு தலைமுறைக்குப் பிறகு அந்தக் கலம் பூமியின் கட்டளையை மதிக்குமா? அதை இயந்திரம் என்று அழைப்பீர்களா, உயிர் என்றா? கதையைத் தொடங்குமுன் இதை முடிவுசெய்துகொள்ளுங்கள்.